ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து

எங்கள் ஊர்ப் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பாருங்கள். ஹல்துமுல்லை. ஆறே எழுத்து. ஆனால் அந்த ஆறுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது! தொடக்கத்தில் கிரந்த 'ஹ'. 'து'வும் 'மு'வும் இரண்டும் உகரம்தான், ஆனால் 'து' வலப்பக்கம் ஓடி மேலே நிமிர்கிறது, 'மு' கீழே இறங்கி வளைந்து உள்ளே திரும்புகிறது. நடுவில் இரண்டு 'ல்', இரண்டின் தலையிலும் புள்ளி. கடைசியில் சுழித்துச் சுழித்து வரும் 'லை'. எந்தப் புது எழுத்துரு கையில் கிடைத்தாலும் நான் முதலில் தட்டிப் பார்ப்பது இந்தப் பெயரைத்தான். இந்த ஆறு எழுத்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றுவிட்டால், அதை வரைந்தவர் கெட்டிக்காரர். மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன்.

பெரகலையிலிருந்து பலாங்கொடைப் பக்கம் இறங்கும் பெரிய வீதியில், பஸ் நிறுத்தத்துக்குக் கிட்ட ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, லெமினேட்டிங், டைப்செட்டிங், கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ். வானம் வெளித்திருந்தால் கடை வாசலில் நின்றே தெற்குச் சமவெளி முழுவதையும் பார்க்கலாம். மிஸ்ட் இறங்கிவிட்டால் எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாது. பதினொரு வருடமாக இந்த மேசையில் தமிழ் தட்டுகிறேன். அதில் முதல் எட்டு வருடமும் எழுத்து என்பதை யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து வரைகிறார் என்று எனக்குத் தெரியாது. மழை மாதிரி, கல்லு மாதிரி, அது பாட்டுக்கு இருக்கிற ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் பாமினி என்ற ஃபொண்ட்தான். இலங்கையில் கந்தோரிலோ அச்சகத்திலோ தமிழ் தட்டியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பாமினியில் 'தமிழ்' என்று எழுத வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று தட்ட வேண்டும். விரலுக்கு அது பழகிப்போய், இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். ஆனால் அந்த ஃபொண்ட் இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தமிழ் போய்விடும், ஆங்கில எழுத்துக் குவியல்தான் நிற்கும். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் அதே எழுத்துத்தான். கல்யாணக் கார்டில் சிரித்த அதே 'அ' மறுநாள் மரண அறிவித்தலில் நிற்கும். அதைப் பார்க்கும்போது என்னமோ மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு ஒரு மாற்று உண்டு என்று யோசித்ததே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு தங்கச்சி தன் கல்யாணக் கார்டுக்கு வந்தாள். பண்டாரவளையில் ஆசிரியையாக இருக்கிற பிள்ளை. நான் காட்டிய ஏழெட்டு மாதிரியையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க அப்பா எனக்கு எழுதின லெட்டர் மாதிரி இருக்கணும். அவரு இல்ல இப்ப" என்றாள். அன்றிரவு கடையைப் பூட்டாமல் இருந்து கூகுள் எழுத்துருப் பக்கத்தில் தமிழுக்கு உள்ளதையெல்லாம் தேடினேன். ஒவ்வொன்றிலும் 'ஹல்துமுல்லை' என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கவிவாணர் வந்தது.

கொஞ்சம் சாய்ந்த எழுத்து. பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் தளர்வாகப் பிடித்து, அவசரமில்லாமல், எழுதுகிற ஆளுக்கு எழுதப்படுகிறவர் மேல் பாசம் இருந்தால் எப்படி வருமோ அப்படி. 'லை'யின் சுழி அடுத்த எழுத்தைக் கூப்பிடுவதுபோல முன்னால் சாய்ந்து நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன், அச்சடித்து சுவரில் ஒட்டித் தூர நின்று பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெயர் இவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது! பிறகு, இதை யார் செய்தது என்று கீழே பார்த்தேன். தாரிக் அஸீஸ். இலங்கைக்காரர். நம்முடைய நாட்டுக்காரர்!

அந்த இடத்தில் நான் என்னவானேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. லண்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு பெரிய கம்பனி செய்ததாக இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். இதே தீவில், நாம் குடிக்கிற தண்ணீரைக் குடித்த ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். பவனம் என்று அவர் செய்த இன்னொன்றும் இருக்கிறது. பவனம் என்றால் காற்று. பெயருக்கு ஏற்ற மெல்லிய கோடு, பாரமே இல்லாத எழுத்து. இரண்டையும் யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், தொழிலுக்கும் பாவிக்கலாம். திறந்த உரிமம்.

ஒரு தமிழ் எழுத்துருவுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. நமக்கு அப்படி முடியாது. உகரம் பதினெட்டு, ஊகாரம் பதினெட்டு, அந்த 36க்கும் தனித்தனி உருவம். 'கு'வுக்குப் போட்ட வளைவை 'சு'வுக்குப் போட முடியாது. 'பு' ஒரு மாதிரி, 'ரு' ஒரு மாதிரி. கொக்கி போடுகிற இடம் 'மி'யில் வேறு, 'டி'யில் வேறு. அதற்கு மேல் கிரந்தம், ஸ்ரீ, இலக்கங்கள். எல்லாம் வரைந்த பிறகும் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தால் எவ்வளவு இடைவெளி விடுவது என்று ஒவ்வொரு சோடியாகப் பார்க்க வேண்டும். இந்த வேலையை ஒருவர் செய்து முடித்து, இந்தாங்க எடுத்துக்கோங்க என்று கொடுத்துவிட்டுப் போகிறார். நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது.

அந்தக் கல்யாணக் கார்டை வாங்கிய தங்கச்சி ஒன்றுமே பேசவில்லை. தன் பெயரின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு பைத்தியம் பிடித்ததுபோல ஆகிவிட்டது. எதைப் பார்த்தாலும் இதை யார் வரைந்தது, இதை யார் அமைத்தது என்ற கேள்விதான். தாத்தா வைத்திருந்த பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் 'தேயிலை' என்ற சொல்லில் 'லை' வேறு மாதிரி. 'ல'வுக்கு முன்னால் யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் இப்போதைய 'லை' நிலைத்தது. சீர்திருத்தம் தேவைதான், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் தும்பிக்கை 'லை' போட்டு எங்கள் ஊர்ப் பெயரை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை அன்றைக்கு.

அந்தக் கேள்வி எழுத்தோடு நிற்கவில்லை, படங்களுக்கும் போனது. நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். காம்பரா சுவரில் குளிருக்கும் பூச்சுக்குமாக பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டுவோம். கொழும்பில் கடையில் நின்ற மாமா கொண்டுவந்து கொடுக்கிற இந்தியச் சஞ்சிகைகளும் அதில் சேரும். என் பாய்க்கு நேரே ஒரு பெண்ணின் முகம் இருந்தது. ஏதோ தொடர்கதைக்குப் போட்ட படம். பெரிய கண், காதில் ஜிமிக்கி, நெற்றியில் விழுகிற ஒரு முடிக்கற்றை. அவளைப் பார்த்துக்கொண்டேதான் ஐந்தாறு வருடம் தூங்கி எழும்பினேன். அந்தப் படத்தின் மூலையில் ஒரு கையெழுத்து இருந்ததும் ஞாபகம் இருக்கிறது, அது பெயர் என்று அப்போது தெரியாது. போன வருடம் ஓவியர் மாருதியின் படங்களைத் தேடிப் பார்த்தபோது, ஐயோ, அதே கண்! அதே முடிக்கற்றை! என் சுவரில் இருந்தவள் அவர் வரைந்தவள். புதுக்கோட்டைக்காரர், 2023இல் காலமாகிவிட்டார். எத்தனை தோட்டத்துச் சுவரில் அவருடைய பெண்கள் மழைக்கால ஈரத்தில் ஊறி, புகையில் மஞ்சளாகி, பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?

அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனேன். ஓவியர் இளையராஜா கிடைத்தார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் படங்களைக் காட்டினால் எல்லாரும் முதலில் போட்டோ என்றுதான் சொல்வார்கள். வாசற்படியில், அடுப்படியில் கறுத்த பெண்கள், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிற வெளிச்சம், பித்தளைக் குடத்தின் விளிம்பில் ஒரு பொட்டு மினுக்கம். சேலை மடிப்பின் உள்ளே நிழல் எப்படி நீலமாகிறது பாருங்கள் என்று கடைக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினேன். கறுப்பு நிறத்தை இவ்வளவு ஆசையாகத் தீட்டிய ஒரு கை! பத்து வயதில் இது என் சுவரில் இருந்திருந்தால் கண்ணாடி முன்னால் நான் வேறு மாதிரி நின்றிருப்பேன்.

ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட கோடுகளைப் பாருங்கள், அது போதும். புத்தக அட்டைகளில் றஷ்மி என்ற பெயரைக் கண்டால் நில்லுங்கள். அக்கரைப்பற்றில் பிறந்த கவிஞர், லண்டனில் இருக்கிறார். கவிதை எழுதுகிறவர் அட்டை செய்தால் எங்கே வெறுமையாக விட வேண்டும் என்று தெரிந்திருக்கும் போல. முன்பெல்லாம் புத்தகத்தைத் திறந்தால் நேரே கதைக்குப் போவேன். இப்போது முதலில் உள்பக்கத்தில் 'அட்டை வடிவமைப்பு' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் வரியைத்தான் தேடுகிறேன்.

இனி ஹனுஷா சோமசுந்தரம். இவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் அவசரப்பட்டேன்.

மலையகப் பிள்ளை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர். அவருடைய சாயப்பெட்டி என்ன தெரியுமா? தேயிலை! பாவித்து முடிந்த தேயிலைப் பைகளையும் சாயக் கறையையும் வைத்துத் தோட்டத்து வாழ்க்கையைப் படைக்கிறார். முதலில் போனில்தான் பார்த்தேன். அந்தப் பழுப்பு நிறத்தைக் கண்டதுமே மூக்கில் தேயிலை வாசம் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. குடித்துவிட்டுக் குப்பையில் எறிகிற பை. அதற்குள் இருந்த தூள் எங்கள் அம்மாமார் கிள்ளிய கொழுந்து. உலகம் குடித்து முடித்து எறிந்ததை ஒருவர் பொறுக்கி எடுத்து, இது எங்கள் கதை என்று விரித்து வைக்கிறார். இதை விடச் சரியான தாள் எங்களுக்கு எங்கே கிடைக்கும்?

பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பார்த்தேன். அம்மா ஊற்றிய பிளேன்டீயில் தூரிகையை நனைத்து வெள்ளைத் தாளில் வைத்தால், ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர்த் தடம். காயக் காயத்தான் நிறம் வரும். அதிலும் நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கறுத்து, யாரோ பேனையால் கரை கட்டியதுபோல ஒரு கோடு விழும். ஓரம் முதலில் காய்வதால் உள்ளே இருக்கிற சாயமெல்லாம் ஓரத்துக்கே ஓடிப்போய்ச் சேருகிறது. காய்ந்ததன் மேல் இன்னொரு தடவை வைத்தால் இன்னும் ஆழம். நாலாவது தடவை வைத்தபோது மழை நின்ற பிறகு எங்கள் மலை இருக்குமே, அந்த நிறம் வந்தது.

அம்மா பக்கத்தில் வந்து குந்தினார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஆள். தாளைப் பார்த்தார், தன் கையை அதன் பக்கத்தில் வைத்தார். விரல் நுனி வெடிப்புக்குள்ளே இறங்கிப்போன கறை. வேலையை விட்டு நாலு வருடமாகியும் போகவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்கையி கொஞ்சம் கூடுதலா ஏறியிருக்கு."

அன்றைக்கு அம்மாவுக்கு ஹனுஷாவின் படங்களை ஒவ்வொன்றாகப் போனில் தள்ளிக் காட்டினேன். கலை, ஓவியம் என்று ஒரு வார்த்தை நான் விளக்கவில்லை. விளக்கத் தேவைப்படவே இல்லை. "இது எந்தத் தோட்டத்துப் புள்ள?" என்று மட்டும் கேட்டார். எங்கள் முன்னோர் இந்தத் தீவுக்கு வந்து 200 வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று 2023இல் எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது டிவியில் பார்த்துக் கண் கலங்கியவர், அதே முகத்தோடு இந்தப் படங்களைப் பார்த்தார்.

கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன ஒரு நாள், கொள்ளுப்பிட்டியில் உள்ள நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்கும் போய்வந்தேன். 2019இல் ஆரம்பித்தது. உள்ளே போகக் காசில்லை. படங்களைப் பற்றிச் சொல்லப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், நான் எங்கள் தொழில்காரியின் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள குறிப்பு சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில், மூன்றிலும் இருக்கிறது. வீதிப் போர்டுகளில் தமிழ் எழுத்துக் காலில்லாமலும் கொம்பில்லாமலும் தொங்குவதைப் பார்த்துப் பார்த்துப் புண்ணாகிப்போன கண் இது. அங்கே தமிழ் நிமிர்ந்து நின்றது. ஒரு சுவர் முன்னால் பத்து நிமிடம் நின்று குறிப்பை மட்டும் வாசித்தேன். படம் பிறகு.

தா. சனாதனனின் புத்தகம் கைக்கு வந்தது தற்செயலாக. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கிற ஓவியர். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. 'முடிவுறாத தோம்பு' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்போடு 2011இல் வந்த புத்தகம், வெளியிட்டது ரேக்கிங் லீவ்ஸ். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் வீட்டில் இருந்தது, இரண்டு நாள் தந்தார். யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம் தங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லியிருக்கிறார். ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி கோணல் மாணலாகக் கோடு போட்டிருக்கிறார்கள். இது கிணறு, இது மாமரம், இது சாமி அறை. அந்தக் கோணல் படத்தோடு, அதே வீட்டை ஒரு கட்டடக் கலைஞர் வரைவதுபோல மெல்லிய ஊடு தெரியும் தாளில் அளவாக வரைந்த படம். பிறகு சனாதனன் தன் கையால் வரைந்த ஓர் ஓவியம். ஊடு தெரியும் தாளைத் தூக்கினால் வீடு வருகிறது, விட்டால் மங்கிப் போகிறது. வெறும் தாளைத் தெரிவு செய்வதிலேயே ஒரு மனிதர் இவ்வளவு சொல்ல முடியுமா? கடையில் விதம் விதமாகத் தாள் அடுக்கி வைத்திருக்கிறேன் நான். கனம், விலை, வெண்மை தவிர தாளைப் பற்றி வேறொன்றும் யோசித்திராத எனக்கு அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம்.

புத்தகம் மேசையில் இருந்த நேரம், அடையாள அட்டை கொப்பி எடுக்க ஓர் அக்கா வந்தார். மீரியபெத்தைக்காரர். எங்கள் பிரிவில் அந்தப் பெயரை யாரும் சும்மா சொல்லமாட்டோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். மெஷின் சூடாகும்வரை அவர் புத்தகத்தைப் புரட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில், "ஒரு பென்சில் தா" என்றார். பிழையாக அச்சான ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக் கோடு போட்டார். முன்னால் இஸ்தோப்பு. உள்ளே காம்பரா. பின்னால் குசினி. அடுப்பு இந்த மூலை. விறகு அடுக்குவது இங்கே. சாமிப் படம் இங்கே, அதற்குக் கீழே பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை. காம்பராச் சுவரில் ஓர் இடத்தில் சின்னதாகக் கட்டம் போட்டு, "இதுல ஒரு படம் ஒட்டியிருந்திச்சி, பேப்பர்ல வந்த பொம்பள படம்" என்றார்.

கொப்பி இரண்டு எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. மூலத்தை மடிக்காமல் சுருட்டி, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

இப்போது கடையில் மூன்று மாதிரி நோட்டீஸ் செய்கிறேன். கல்யாணத்துக்குக் கவிவாணர். நினைவஞ்சலிக்குப் பவனம், நிறைய வெள்ளை விட்டு. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கொழுத்த கன்னம் மாதிரி எழுத்துள்ள பலூ தம்பி, அது மும்பையில் ஏக் டைப் என்ற குழு செய்தது. முன்னால் எல்லாருக்கும் ஒரே பாமினியைப் போட்டுக் கொடுத்த கணக்கை இப்படித்தான் தீர்த்துக்கொண்டு வருகிறேன்.

போன கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் வந்தது. அம்மன் பெயரைக் கவிவாணரில் பெரிதாக வைத்தேன். கரகம் பாலிக்கிற நேரம், தேர் வருகிற பாதை, உபயகாரர் பெயர்கள் எல்லாம் அடுக்கி முடித்துவிட்டு, அடியில் ஓரமாக, இருப்பதே தெரியாத சின்ன எழுத்தில், 'எழுத்துரு: தாரிக் அஸீஸ்' என்று போட்டேன். உரிமத்தில் அப்படிப் போடச் சொல்லவில்லை. எனக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. சரிபார்க்க வந்த கோயில் தலைவர் மாமா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தார்.

"இது யாரு புள்ள? உபயமா?"

"இல்ல மாமா. இந்த எழுத்த வரைஞ்சவரு. நம்ம நாட்டு ஆளு. காசு வாங்காம குடுத்திருக்காரு."

அவர் அம்மன் பெயரை இன்னொரு தடவை பார்த்தார். தாளைத் தூர நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப உபயந்தானே" என்றார். "இப்படிச் சின்னதா போட்டா எப்படி? மத்த உபயகாரங்க பேரு என்ன அளவோ, அதே அளவுக்குக் கொண்டுவா."